ஏழாவது கையெழுத்து

என் ராசா அன்ரன்,

நீ போய் ஒன்பது வாரமாகிவிட்டது. சுவாமியார் சொன்னபடி காலையும் மாலையும் உனக்காகச் செபிக்கிறேன். ஆனால் செபத்தில் உன்னோடு சண்டை பிடிக்க முடிவதில்லை, பகிடி விடவும் முடிவதில்லை. நமக்கு இந்த இரண்டும் இல்லாமல் எப்போதாவது பேச்சு நடந்திருக்கிறதா? அதனால்தான் கடிதம்.

கொலோனில் இருக்கிற நம்முடைய பெடியள் தங்கள் தமிழ்ச் சங்க மலருக்கு உன்னைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். "அக்கா, அண்ணையைப் பற்றி நல்லதா நாலு வசனம் எழுதித் தாங்கோ, எங்களுக்குக் காணும்" என்றான் ஒருவன். உன்னைப் பற்றி நல்லதாக நானூறு வசனம் எழுதலாம். ஆனால் நான் உனக்குச் செய்த ஒரு காரியத்தை ஒளித்துவைத்துக்கொண்டு எழுத எனக்குக் கை வரவில்லை. பத்து வருடமாக அதை யாரிடமும் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை என்பது உன் அடக்கத்தன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அடக்கம். ஸ்டுட்கார்ட் சேமக்காலையில் அன்றைக்கு ஈரப்பனி. உன் அலுவலகத்து ஆட்கள் வருவார்கள் என்று எதிர்பார்த்தேன், வந்தார்கள். எதிர்பாராமல் வந்தவர்கள்தான் அதிகம். நீ படித்த பல்கலைக்கழகத்துப் பாடகர் குழுவிலிருந்து எட்டுப் பேர் வந்து பாடினார்கள், உனக்கு ஒரு சுரமும் பிடிக்க வராது என்று நன்றாகத் தெரிந்தும். சதுரங்கக் கழகத்து இருவர் வந்தார்கள். உன்னுடைய பழைய சகோதரச் சங்கத்தார் நிறத் தொப்பியும் மார்புப் பட்டியுமாக வரிசையில் நின்று, ஒரு பட்டியைக் குழிக்குள் போட்டார்கள். அது அவர்களுடைய முறையாம். நான் அழுதுகொண்டே சிரித்துவிட்டேன். அத்தான் என் முழங்கையை இடித்தார்.

மலரை வாசிக்கிற பிள்ளைகளுக்கு இந்தச் சங்கக் கதை விளங்காது. நீ பொறுத்துக்கொள், கொஞ்சம் விளக்குகிறேன்.

ஜேர்மனிக்கு அத்தான் செய்ய வந்த ஆராய்ச்சி இன்னும் சில வருடம் இழுக்கும் என்று தெரிந்ததும் நான் பல்கலைக்கழகத்தில் வேலை தேடினேன். மாணவர் சங்கங்களை மேற்பார்க்கிற கந்தோரில் எடுத்தார்கள். சதுரங்கம் ஆடுகிறவர்கள், பாடுகிறவர்கள், மலையேறுகிறவர்கள், கிளைடர் என்கிற இயந்திரமில்லா விமானம் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் எங்களிடம்தான் பதிய வேண்டும். பதிந்தால்தான் கூட்டத்துக்கு அறை, அறிவித்தல் ஒட்ட இடம், பல்கலைக்கழகப் பேரவைக்கு மனுக் கொடுக்கிற உரிமை. மேட்டுத் தெருவில் சொந்த வீடு வைத்திருக்கிற பழைய சகோதரச் சங்கங்களும் எங்கள் பொறுப்பு. அவற்றில் சேர்ந்தவன் சாகும்வரை உறுப்பினன். சிலர் சடங்காக வாள்சண்டை பிடித்து ஆளையாள் கீறிக்கொள்வார்கள். சேர்ந்த புதிதில் கன்னத்தில் தையலோடு வந்து நின்ற ஒரு பெடியனைப் பார்த்து, சைக்கிளால் விழுந்துவிட்டாயா என்று கேட்டுவிட்டேன். அவன் பெருமையாகக் காட்ட வந்தது அந்தக் காயத்தை. முகம் சுருங்கிப் போனான், பாவம்.

நீ படிக்க வந்தபோது எங்கள் வீட்டில் உனக்குப் படுக்க இடமில்லை. வாள் பிடிக்காத, பூசைக்குப் போகிற கத்தோலிக்கச் சகோதரச் சங்கத்தில் ஓர் அறை காலியாக இருந்தது. அறை வேண்டுமென்றால் தொப்பியும் போட வேண்டும். போட்டுக்கொண்டு படம் பிடித்து ஊருக்கு அனுப்பினாய். அம்மா எனக்குக் கடிதம் போட்டா: "தம்பி படிப்பை விட்டிட்டுப் பொலிசிலை சேர்ந்திட்டானோ? உண்மையைச் சொல்லு பிள்ளை."

இனி அந்தப் பட்டியல். ஒவ்வொரு செமஸ்டர் தொடக்கத்திலும் ஒவ்வொரு சங்கமும் ஏழு பொறுப்பாளர்கள் கையெழுத்திட்ட பட்டியலைத் தர வேண்டும். ஆறு என்றால் செல்லாது. ஒருவர் ஒரு சங்கத்துக்கு மட்டுமே பொறுப்பாளராகலாம் என்றும் ஒரு விதி இருந்தது. அதை ஒருவரும் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை, உன் கையெழுத்தை ஐந்து பட்டியல்களில் காணும்வரை.

ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் உன்னைப் பிடித்துக்கொண்டேன்.

"அன்ரன், நீ எப்பவடா கிளைடர் ஓட்டினனீ?"

"நான் ஓட்டேல்லை அக்கா. அவை ஆறு பேர்தான் இருந்தவை. ஒராள் குறையுது எண்டு கேட்டவை."

"மாடிப்படியிலை நிண்டு கீழை பாத்தாலே உனக்குத் தலை சுத்தும்."

"கையெழுத்துப் போட ஏறத் தேவையில்லைதானே?"

"சரி, அது போகட்டும். மாணவியர் சங்கத்திலை உனக்கென்ன அலுவல்?"

அத்தானுக்குச் சோறு புரைக்கேறியது. நீ சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "ஊர்சுலா கேட்டவ. மென்சாவிலை சாப்பாட்டுக்கு எனக்கு முன்னாலை நிண்டவ. முகத்துக்கு நேரை என்னெண்டு ஏலாது எண்டு சொல்லுறது?"

ஆண்கள் சேரக்கூடாது என்று அவர்கள் தங்கள் சங்க யாப்பு விதிகளில் எழுத மறந்திருந்தார்கள். ஆறு மாணவிகளும் நீயும். மேற்பார்க்கிறவள் நானே அதற்கு முத்திரை குத்தினேன்.

நீ என் தம்பி என்று என் மேலதிகாரி ஹெர் லோரென்ஸுக்குத் தெரியாது. நான் அத்தானின் பெயரால் திருமதி மரியதாஸ், நீ ஐயாவின் பெயரால் சவரிமுத்து. ஜேர்மன்காரர் எப்படிக் கண்டுபிடிப்பார்? கந்தோருக்கு வருகிற சிலோன் பெடியனையெல்லாம் நான் தம்பி என்றுதான் கூப்பிட்டேன். ஒருநாள் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டார். சொன்னேன். உங்கள் தீவில் எல்லோரும் ஒரே குடும்பமா என்றார். ஆமாம் என்று சொல்லித் தப்பினேன்.

அறுபதுகளின் கடைசி வந்தது. மண்டபங்களில் சத்தம், சுவரெல்லாம் சுவரொட்டி. சகோதரச் சங்கங்களை வெளியே போடு என்று ஒரு பக்கம், நூற்றாண்டு மரபில் கை வைக்காதே என்று மறு பக்கம். இரண்டு பக்கத்தாரும் என் மேசைக்கு வந்து ஒரே படிவத்தைத்தான் நிரப்பினார்கள். எனக்கு அதில் ஒரு திருப்தி இருந்தது என்று ஒத்துக்கொள்கிறேன். யார் வந்தாலும் ஏழு கையெழுத்து, அவ்வளவுதான் என் நீதி.

அந்த மாரியில் உன்னுடைய சிநேகிதன் பர்விஸின் கதை தொடங்கியது. ஈரான்காரன், உன்னோடு பௌதிகம் படித்தவன், எங்கள் வீட்டில் உறைப்புக் கறி சாப்பிட்டுக் கண்ணீரோடு "நன்றாக இருக்கிறது" என்று சொல்கிறவன். தன் நாட்டு அரசரை எதிர்த்து ஓர் ஊர்வலத்தில் நடந்தான் என்று அவனுடைய தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க மாட்டோம் என்றார்கள் வெளிநாட்டவர் கந்தோரில். மார்ச் முடிய வெளியேற வேண்டும். அவனுக்காக ஒரு குழு தொடங்கினீர்கள். பதிந்த குழு என்றால் பேரவைக்கு மனுக் கொடுக்கலாம். பேரவை அவர்களுக்கு எழுதினால் ஒருவேளை பரீட்சை முடியும்வரை அவனை இங்கே இருக்க விடுவார்கள். பட்டியலைக் கொண்டுவந்து தந்தது ஒரு ஜேர்மன் மாணவன். ஏழாவது கையெழுத்து உன்னுடையது.

மற்ற ஐந்து பட்டியல்களிலும் ஓடுகிற அவசரத்தில் கிறுக்கியிருப்பாய். இதில் முழுப் பெயரையும் நிதானமாக எழுதி, கீழே முகவரியையும் எழுதியிருந்தாய். முகவரி எழுதச் சொல்லிப் படிவத்தில் இல்லை. நான் அதைக் கவனித்தேன், அன்ரன். கவனிக்கவில்லை என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

பெப்ரவரியில் வெளிநாட்டவர் கந்தோரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அந்தக் குழுவின் பொறுப்பாளர்கள் யார் யார்? வெள்ளிக்கிழமைக்கு முன் பெயர்களை அனுப்பவும். ஹெர் லோரென்ஸ் அதை என் மேசையில் வைத்துவிட்டு, "பட்டியல் உங்கள் அலுமாரியில்தானே இருக்கிறது, ஒரு பிரதி எடுத்து அனுப்பிவிடுங்கள்" என்று சொல்லிச் சாப்பிடப் போனார். வெளியில் பள்ளிப் பிள்ளைகள் பனியை உருட்டி எறிந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

உனக்குக் கடைசிப் பரீட்சைக்கு ஐந்து மாதம் இருந்தது. உன் அனுமதியும் வருடா வருடம் புதுப்பிக்கிறதுதான். ஐயா இல்லாத வீட்டில் அம்மா நீ படித்து முடிக்கிற நாளை எண்ணிக்கொண்டிருந்தா. என்னால் அந்தப் பெயரை அனுப்ப முடியவில்லை. அனுப்பாமல் விடவும் முடியாது. அப்போதுதான் யாரும் பார்க்காத அந்த விதி எனக்கு நினைவுக்கு வந்தது.

அடிமட்டத்தை வைத்து உன் பெயரின் மேல் ஒரு கோடு கீறினேன். ஓரத்தில் எழுதினேன்: வேறு சங்கங்களிலும் பொறுப்பாளர், ஆகவே செல்லாது. ஏழு ஆறானது. ஆறு கையெழுத்துள்ள குழு குழுவல்ல. இப்படியொரு குழு எங்கள் பதிவில் இல்லை, ஆகவே அனுப்பப் பட்டியலும் இல்லை என்று பதில் அடித்தேன். ஹெர் லோரென்ஸ் வாசித்துப் பார்த்து, விதிகளை இவ்வளவு கவனமாகப் படித்திருக்கிறீர்களே என்று மெச்சிக் கையெழுத்துப் போட்டார்.

மற்ற ஐந்து பட்டியல்களில் நான் கை வைக்கவில்லை. கிளைடர் பறந்தது, பாட்டுக் குழு பாடியது, மாணவியர் சங்கத்தில் நீ மாணவியாகவே இருந்தாய். ஒன்றைத்தான் வெட்டினேன். பேரவைக்குப் போகவிருந்த மனுவைத் திருப்பி அனுப்புகிற கடிதத்தையும் நான்தான் தட்டச்சு செய்தேன்.

அந்தக் கடிதம் கிடைத்த அடுத்த நாள் நீ கந்தோருக்கு வந்தாய். வரிசையில் நின்றாய். உன் முறை வந்ததும் ஜேர்மனில், "திருமதி மரியதாஸ், ஆட்சேபனைப் படிவம் ஒன்று வேண்டும்" என்றாய். படிவத்தைத் தந்தேன். நின்றபடியே நிரப்பினாய். முத்திரை குத்தி வாங்கிக்கொண்டேன். ஹெர் லோரென்ஸ் பத்து நிமிடத்தில் அதை நிராகரித்தார். விதி விதிதானே.

படிக்கட்டுத் திருப்பத்தில் உன்னைப் பிடித்தேன்.

"அன்ரன், நில்லடா. அவங்கள் பேர் கேட்டு எழுதினவங்கள். உனக்கு விளங்குதோ?"

"விளங்குது அக்கா."

"உன்னையும் அனுப்பிப்போட்டாங்கள் எண்டால் அம்மாவுக்கு நான் என்ன சொல்லுறது?"

"நீங்கள் என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?"

"வெட்டாதேங்கோ எண்டு சொல்லியிருப்பன்."

"அதுதான் கேக்கேல்லை."

நீ என்னை ஒரு கணம் பார்த்தாய். கோபம் என்றால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "மற்றதெல்லாம் மற்றவைக்காகப் போட்டது அக்கா. இது ஒண்டுதான் நானாப் போட்டது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாய்.

அந்த வாரத்தில் நீ செய்ததை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத நீ, ஐந்து சங்கங்களுக்கும் போய் ஒவ்வொருவர் முகத்துக்கும் நேரே, இனி ஏலாது என்று சொன்னாய். திங்கள் சதுரங்கக் கழகம், செவ்வாய் கிளைடர். ஊர்சுலாவுக்குச் சொல்லிவிட்டு வந்த அன்று உன் முகத்தில் இரத்தமே இல்லை. சகோதரச் சங்கத்தில் மூன்று மணித்தியாலம் உட்கார்த்தி வைத்துக் கேள்வி கேட்டார்களாம். பொறுப்பை விட்டாய், தொப்பியை விடவில்லை, அறையும் தப்பியது. ஒவ்வொரு விலகல் கடிதத்தையும் நீயே கொண்டுவந்து என் மேசையில் வைத்தாய். நான் ஒவ்வொன்றுக்கும் முத்திரை குத்தினேன். இருவரும் தமிழில் ஒரு சொல்லும் பேசவில்லை.

தள்ளுபடியான குழுவின் புதிய பட்டியல் அடுத்த செமஸ்டரில், ஏப்ரல் தொடங்கித்தான் ஏற்கப்படும். ஏப்ரல் முதல் வேலை நாள் காலை, கதவு திறக்க முன்னமே நீ வாசலில் நின்றாய். ஏழு கையெழுத்தும் இருந்தன, ஒருவர் பெயரும் வேறு எங்கும் இல்லை. ஒரு பிழையும் சொல்ல இடமில்லாத பட்டியல். நான் பதிந்தேன். பர்விஸ் அதற்கு மூன்று நாள் முன்பு வியன்னாவுக்கு ரயில் ஏறிவிட்டான்.

பேரவை அவனுக்காக எழுதியிருக்குமா? எழுதினாலும் அவர்கள் கேட்டிருப்பார்களா? பெயர்கள் போயிருந்தால் உன்னை உண்மையில் ஏதும் செய்திருப்பார்களா, இல்லை ஒரு கோப்பில் வைத்துவிட்டு மறந்திருப்பார்களா? எனக்குத் தெரியாது. உன்னை மட்டுமல்ல, மற்ற ஆறு பேரையும் காப்பாற்றினேன் என்று எனக்கு நானே சொல்லிச் சொல்லிக் காலத்தை ஓட்டினேன்.

நீ அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் சாப்பிட வந்தாய். அதற்கடுத்த ஞாயிறும் வந்தாய். ஸ்டுட்கார்ட்டில் வேலை கிடைத்த பிறகும் ரயில் ஏறி வந்தாய். இரண்டாம் தரம் கறி கேட்டாய், அத்தானோடு அரசியல் பேசினாய். அந்தக் கதையை மட்டும் எடுக்கவில்லை. ஏலாது என்று சொல்லப் பழகியது கலியாணப் பேச்சில்தான் எங்களுக்கு வினையாக முடிந்தது. நான் காட்டிய அத்தனை படத்துக்கும் ஏலாது. எத்தனை நல்ல பெட்டையள், எல்லாம் வீண்.

நீ மன்னித்துவிட்டாய் என்று நினைத்தேன். மறந்துவிட்டாய் என்றும் சில நாள் நினைத்தேன். அது எனக்கு வசதியாக இருந்தது.

இனி அடக்கத்தன்று நடந்தது. எல்லோரும் கோப்பி குடிக்க மண்டபத்துக்குள் வந்தபோது, முன்பக்கம் வழுக்கை விழுந்த ஒருவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பர்விஸ். வியன்னாவிலிருந்து வந்திருந்தான். அங்கே மூன்று வருடம் திரும்பப் படித்தானாம். இப்போது ஒரு பாடசாலையில் பௌதிகம் படிப்பிக்கிறானாம். உன்னைப் பற்றி ஏதேதோ சொன்னான். பிறகு சொன்னான்: "அந்தப் பெயரை வெட்டியது யார் என்று அன்ரனிடம் எத்தனையோ தரம் கேட்டேன். ஆளில்லை, விதிதான் வெட்டியது என்பான். எங்கள் அக்கா அந்தக் கந்தோரில் இருந்தபடியால்தான் ஏப்ரலில் பட்டியல் ஒரு கேள்வியும் இல்லாமல் பதிந்தது என்றும் சொல்வான். உங்களுக்கு நான் நன்றி சொன்னதே இல்லை."

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவனுக்குக் கோப்பி ஊற்றினேன். சீனி எத்தனை என்று கேட்டேன்.

பத்து வருடம் நீ என்னை அவனிடமிருந்து காப்பாற்றியிருக்கிறாய், அன்ரன். நான் உன்னைக் காப்பாற்றினதாக நினைத்துக்கொண்டிருந்த காலம் முழுக்க. என்னிடம் ஒரு சொல் கேட்டாயா, அப்படிச் செய்யட்டுமா என்று? கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? வெட்கத்தோடு சொல்கிறேன், ஓம், சொல்லாதே, மறைத்துவிடு என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஹெர் லோரென்ஸ் ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கதிரையில் இப்போது நான்தான் இருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். போன மாதமும் பெயர் கேட்டு ஒரு கடிதம் வந்தது, வேறு ஒரு நாட்டுப் பிள்ளைகளின் குழுவைப் பற்றி. ஏழு பேரையும் கூப்பிட்டுக் கடிதத்தைக் காட்டினேன். "உங்கள் பெயர், நீங்களே சொல்லுங்கள்" என்றேன். இரண்டு பேர் எடுக்கச் சொன்னார்கள், ஐந்து பேர் இருக்கட்டும் என்றார்கள். எடுக்கச் சொன்னவர்களுக்குப் பதிலாக வேறு இருவரைச் சேர்க்க நாள் கொடுத்தேன். கேட்பதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

இந்தக் கடிதம் மலரில் வரும். நம்முடைய பெடியள் வாசிப்பார்கள், சிலர் என்னைத் திட்டுவார்கள், சிலர் அக்கா செய்தது சரி என்பார்கள். அது எனக்குச் சுலபம். தமிழில் எழுதினால் பர்விஸால் வாசிக்க முடியாது. இதை எழுதி முடிக்கும்போதுதான் அந்தக் கள்ளத்தனமும் எனக்கே பிடிபட்டது.

அதனால் பக்கத்தில் இன்னொரு தாள் வைத்திருக்கிறேன், ஜேர்மனில். "அன்புள்ள பர்விஸ், அன்ரனின் பெயரை வெட்டியது நான்" என்று தொடங்கிவிட்டேன். காரணம் எதுவும் எழுதப்போவதில்லை, அவன் கேட்டால் மட்டும் சொல்வேன். உனக்கு வாக்குத் தருகிறேன் ராசா, நாளைக்கு வேலைக்குப் போகும் வழியில் அதைத் தபாலில் போடுவேன். முழுப் பெயரையும் நிதானமாக எழுதி, கீழே என் முகவரியையும் எழுதுவேன்.

உன்னிடம் ஒரு சொல்லுக் கேட்காத,
உன் உடன்பிறந்த அக்கா
திரேசா